பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்குவோருக்கு: செட்டிநாட்டிலிருந்து ஒரு தாயின் வழிகாட்டி

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் இரண்டாங்கட்டில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மூத்த மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10, கடைக்குட்டிக்கு 6. மூத்தவள் மட்டும் இரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனாள். அதன் பிறகு 6 ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளின் படிப்பு வீட்டிலேயே நடந்துவருகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலயத்தை விட்டு வெளியே வரும்போதும், காய் வாங்கச் சந்தைக்குப் போகும்போதும், "நாங்களும் இப்படிச் செய்யலாமா, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கும் தாய்மார்கள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களிடம் நின்றபடி சொல்லிமுடிக்க இயலாதவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: காரணத்தை எழுதிப் பார்ப்பது

கணவரும் மனைவியும் தனித்தனியே ஆளுக்கொரு தாளில், பிள்ளையை ஏன் வீட்டில் படிக்கவைக்க விரும்புகிறோம் என்று எழுதி, பிறகு மாற்றிப் படித்துப் பாருங்கள். இரண்டு தாள்களும் வெவ்வேறு திசையில் போனால் தொடங்காதீர்கள். ஒருவர் மனமில்லாமல் ஒத்துக்கொண்ட வீட்டில் முதல் காய்ச்சலிலேயே, முதல் உறவினர் கேள்வியிலேயே இந்த முயற்சி ஆட்டம் கண்டுவிடும். எங்கள் தாளில் இருந்தவை இரண்டு. மூத்தவள் ஒவ்வொரு நாள் காலையிலும் வயிற்றுவலி என்று அழுதாள். மருத்துவர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். அடுத்தது, பிள்ளைகளுக்கு வேதத்தை நாங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை.

கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டிலே உட்கார்ந்திருக்கும்போதும் வழியிலே நடக்கும்போதும் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்க வேண்டும் என்னும் உபாகமம் ஆறாம் அதிகாரக் கட்டளையைப் பலர் வீட்டுக்கல்விக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டளை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கும் அப்படியே பொருந்தும். ஆகையால் அதை வைத்து மற்றவர்களை எடைபோடுவது தவறு. உலகம் கெட்டுவிட்டது என்ற பயம் மட்டுமே உங்கள் தாளில் இருக்குமானால், இன்னும் ஒரு மாதம் ஜெபித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பயத்தில் தொடங்கும் வீட்டில் பிள்ளைக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வருமானத்தையும் அதே உட்காரலில் பேசிவிடுங்கள். பெரும்பாலும் ஒருவர் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: சட்டமும் காகிதங்களும்

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் விதிக்கப்படவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த நிலையை முழுதாகத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நிறுத்துவதானால் மாற்றுச் சான்றிதழை எழுத்து மூலம் கேளுங்கள். நாங்கள் வாயால் கேட்டுவிட்டு மூன்று மாதம் அலைந்தோம். பிறகு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியபின் ஒரே வாரத்தில் கைக்கு வந்தது. பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அந்த எண்ணைக் கொண்டுதான் பழைய பதிவை எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி கொடுத்த மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றையும் பிள்ளைக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்பில் போட்டு வைக்க வேண்டும்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆண்டுதோறும் கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து வருவார்கள். முதல் முறை வாசலில் அவர்களைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. உள்ளே அழைத்து, மோர் கொடுத்து உட்காரவைத்து, பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டினேன். மகனை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தான். பள்ளியில் சேர்க்கும்படி அறிவுரை சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளையும் சிறுவயதில் மணமுடித்துக் கொடுக்கப்படும் பெண்களையும் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிற வேலை அவர்களுடையது. அவர்களிடம் ஒளிக்கவும் கூடாது, எரிந்து விழவும் கூடாது.

இழப்பவற்றையும் கணக்கில் எடுங்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் கிடைக்கும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கிடையாது. பள்ளிகளுக்கிடையே நடக்கும் மாவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் இடமில்லை. ஓட்டத்திலோ கபடியிலோ பிள்ளைக்குத் தனித்திறமை இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளியை விட வேண்டாம் என்று சொல்வேன்.

மூன்றாம் படி: முதல் மூன்று மாதம்

எங்கள் முதல் ஜூன் மாதத்தில் முகப்பில் கரும்பலகை மாட்டி, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை பாடவேளை பிரித்து, மணியடித்து நடத்தினேன். ஆடி மாதம் பிறப்பதற்குள் மகள் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்று இரவு பலகையைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டோம். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு முதலில் இளைப்பாறுதல் வேண்டும். கதை வாசித்துக் காட்டுங்கள், சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு மட்டும் தினமும் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதைத் தானாகத் தேடிப் போகிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்று கவனித்து எழுதிவைப்பதே அந்த மூன்று மாதத்தில் தாயின் வேலை.

நான்காம் படி: நாளை ஒழுங்குபடுத்துவது

எங்கள் ஊர் வெயிலுக்குக் காலைதான் படிப்புக்கு ஏற்ற நேரம். ஆறேகாலுக்குக் குடும்ப ஜெபம்: ஒரு கீர்த்தனை, ஆளுக்கு நான்கு வசனமாக ஓர் அதிகாரம், ஒரு சிறு ஜெபம். பலகாரம் முடித்து 8 மணிக்கு உட்கார்ந்தால் பத்தரைக்கு எழுந்துவிடுவோம். ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து கற்பிக்கும்போது ஆறிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைக்கு இந்த இரண்டரை மணி நேரம் போதும். கடைக்குட்டிக்கு இருபது நிமிடமாக மூன்று முறைதான். மூத்தவளுக்கு மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தொடுவதில்லை.

நேரம் குறைவு என்பதால்தான் விடாமல் நடத்த வேண்டியிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எங்கள் பக்கத்தில் அழைப்புகளுக்குக் குறைவே இல்லை. அம்மா வீட்டில்தானே இருக்கிறாள் என்று மளிகைக்கடைக்குப் போவதும் மருத்துவமனைக்குத் துணை போவதும் நம் தலையில்தான் விழும். 8 மணி முதல் பத்தரை வரை நான் தொலைபேசியை எடுப்பதில்லை என்று உறவினர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். முதல் ஆண்டு வருத்தப்பட்டார்கள், இப்போது பதினொரு மணிக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகக் கையாள்வதற்கு எளிய வழி, நீங்கள் சின்னதோடு உட்காரும்போது பெரியது தானாகச் செய்யும் பாடத்தைச் செய்வதாக வரிசைப்படுத்துவது. மூத்தவளைச் சின்னவளுக்கு ஆசிரியை ஆக்கிவிடாதீர்கள். ஓராண்டு நான் அந்தத் தவறைச் செய்தேன். கணக்கில் அவள் அரை ஆண்டு பின்தங்கியதை நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் படி: புத்தகங்கள்

தொடக்கத்தில் அயல்நாட்டிலிருந்து வரும் கிறிஸ்தவ வீட்டுக்கல்விப் பாடத்தொகுப்பு ஒன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கினோம். வேதப்பகுதிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் கணக்கில் டாலரும் பவுண்டும், அறிவியலில் பனிக்காலத்து விலங்குகளும், வரலாற்றில் வேறொரு நாட்டின் வரலாறுமாக இருந்ததால், கண்மாயும் கருவேலமும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அவற்றில் கால் ஊன்ற இடமில்லை. இப்போது அடிப்படையாக வைத்திருப்பது தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்களைத்தான். இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். பிற்காலத்தில் பிள்ளை பள்ளிக்குத் திரும்பினாலும் தடுமாற வேண்டியிருக்காது.

தமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை தினமும் வேதாகமம் வாசிப்பதால் எழுத்துக்கூட்டும் சிரமம் சீக்கிரம் நீங்கிவிடும், நீண்ட வாக்கியங்கள் பழகிவிடும். அதே சமயம் அந்த நடை கைக்கும் வந்துவிடும். எங்கள் மகன் 8 வயதில் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, "அப்பொழுது அப்பா எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் புறப்பட்டுப் போனார்" என்று தொடங்கியிருந்தான். படிக்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இன்று வழங்கும் உரைநடையும் அவனுக்குக் கைவர வேண்டும் என்பதால், அன்றிலிருந்து தினமும் நாளிதழில் ஒரு செய்தியை உரக்க வாசித்து, அதைத் தன் சொற்களில் நான்கு வரி எழுதும் பழக்கத்தைச் சேர்த்தோம். வாரம் ஒரு குறளும் ஒரு சங்கீதமும் மனப்பாடம். கையெழுத்துக்கு இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நோட்டில் பார்த்து எழுதுகிறார்கள்.

பங்குனியில் காரைக்குடியில் கம்பன் விழா நடக்கும்போது பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் நடத்தும் விழா அது. கிறிஸ்தவப் பிள்ளைகளை இராமகாதை கேட்க அழைத்துப் போகலாமா என்று சபையில் ஒருவர் கேட்டார். நம்முடைய விசுவாசம் நமக்கு. நாம் பேசும் தமிழ் எப்படியெல்லாம் பாடும் என்பதைப் பிள்ளை காதால் கேட்க வேண்டும் என்று பதில் சொன்னேன்.

ஆறாம் படி: ஊரிலிருந்து பாடம் எடுப்பது

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போனோம். தொழிலாளி ஒருவர் கண்ணாடிச் சில்லின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்க எடுத்துப் போனார். கண்ணாடியைப் பிரிக்கும்போது அதை ஒட்டியிருந்த முகம்தான் மேல்முகம். மகன் வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்படியானால் இதில் எழுத்து எழுதினால் இடம் வலம் மாறித்தானேம்மா தெரியும்?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடித் துண்டில் 'க' எழுதி மறுபக்கம் திருப்பிப் பார்த்தான். பிம்பம் பற்றி அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஒரு நாளிலிருந்து ஒரு வாரக் கணக்கு எடுத்தோம். 12 அடிக்கு 10 அடி அறைக்கு 8 அங்குலச் சதுரக் கல் எத்தனை வேண்டும்? நீளத்துக்கு 18, அகலத்துக்கு 15, ஆக 270. உடைவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் எத்தனை, ஒரு கல்லின் விலை இவ்வளவு என்றால் மொத்தம் எவ்வளவு என்று கணக்கு தானாக வளர்ந்தது.

வீடே ஒரு பாடம்தான். ஐப்பசி மழையில் நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவின் முற்றத்தில் வந்து விழுவதைப் பார்த்து, அந்தத் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நேர்ச்சுவருள்ள ஒரு பாட்டிலை மாடியில் வைத்து அளந்தோம், அன்று 22 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையானால் 2,200 லிட்டர். அவ்வளவு தண்ணீரையும் வீணாக்காமல் ஊருணிக்கு அனுப்பும்படி முன்னோர் ஏன் கட்டினார்கள் என்பதிலிருந்து புவியியலும் வரலாறும் பேசினோம். பக்கத்து வீட்டு ஆச்சி அரைக்கால், மாகாணி, மா, காணி என்று பழைய பின்னங்களை விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி என்று புரிந்தபிறகு மகள் பின்னக் கணக்கைக் கண்டு பயப்படுவதில்லை.

சபை வரலாற்றுக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. அருளானந்தர் என்று மக்கள் அழைத்த போர்த்துகீசியக் குரு ஜான் தெ பிரிட்டோ 1693இல் கொல்லப்பட்ட ஓரியூர், தேவகோட்டையைத் தாண்டி அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது. அவர் கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள்; இருந்தும் அந்தச் சிவந்த மண்ணில் பிள்ளைகளோடு நின்று வந்தோம். ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்ததையும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதையும் வீட்டிலேயே ஒரு காலக்கோட்டில் வரைந்து, இராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் ஆட்சியோடு பொருத்திப் பார்த்தார்கள்.

ஏழாம் படி: பதிவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு 192 பக்க நோட்டு. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு மூன்று வரி: என்ன படித்தோம், எதில் தடுமாறியது, நாளைக்கு என்ன. தடுமாறியதை மட்டும் சிவப்பு மையில் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மகனின் நோட்டில் ஒரு பக்கம்: "நீள் வகுத்தல் 6 கணக்கு. மீதியைக் கீழே இறக்க மறக்கிறான். நாளைக்கு 3 கணக்கு மட்டும், ஆனால் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டும்." சிவப்பு வரி தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே இடத்தில் வந்தால், சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று பொருள். மாதக் கடைசியில் பிள்ளையின் எழுத்து, படம், கணக்குத் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியைக் கோப்பில் போட்டுவிடுங்கள். கணக்கெடுப்புக்கு வருபவர்களுக்கும், கேள்வி கேட்கும் மாமனாருக்கும், சோர்ந்துபோன நாளில் உங்களுக்கும் அந்த நோட்டுதான் சாட்சி.

எட்டாம் படி: மனிதர்கள்

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நண்பர்கள் தாமாக வருவதில்லை; நாம்தான் வழி செய்ய வேண்டும். மாலை 5 மணிக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பியதும் எங்கள் பிள்ளைகளும் கண்டிப்பாக வெளியே போவார்கள். ஓய்வுநாள் பள்ளி, மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் இரவு கேரல் என்று சபையில் நிறைய வாய்ப்பு இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு மகன் கொல்லையில் வளர்த்த வெண்டைக்காயைக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்தான். ஒரு கூடை 400 ரூபாய்க்கு ஏலம் போனதைத் தன் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டான். ஆனால் சபைக்குள் மட்டும் பிள்ளையை வைத்திருக்காதீர்கள். எங்கள் தெருவில் நகரத்தார் வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் உண்டு. பெருநாளைக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகள் அங்கே போய் வருகிறார்கள்.

"என்னம்மா, படிச்ச புள்ளையா இருந்துக்கிட்டு புள்ளைகள பள்ளிக்கொடத்துக்கு அனுப்பாம வச்சிருக்கியே" என்று பழைய பின்னங்கள் சொல்லிக்கொடுத்த அதே பக்கத்து வீட்டு ஆச்சி தொடக்கத்தில் கேட்டார்கள். நான் வாதாடவில்லை. வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

ஒன்பதாம் படி: தேர்வுகள்

10 வயதுக்குப் பிறகு இதைத் திட்டமிட்டே ஆக வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வு. அதற்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அதை முடித்தவர்கள் பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவுசெய்து வருகை தர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மற்றொன்று, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிரம்பினால் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம். ஐந்து பாடங்கள், தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை; தேறிய பாடம் கணக்கில் நிற்க, மீதியை 5 ஆண்டுக்குள் முடிக்கலாம். மகளுக்கு நாங்கள் தேர்ந்திருப்பது இந்த வழி. தமிழக அரசுப் பணியை மனத்தில் வைத்திருக்கும் குடும்பம், அந்தச் சான்றிதழின் இணைத்தன்மை குறித்து நடப்பிலுள்ள அரசாணையைப் பார்த்த பிறகே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பத்தாம் படி: தாயின் உடம்பும் மனமும்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் பிள்ளைகள் அப்பாவின் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவையுங்கள். குரல் உயரத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு கண்மாய்க்கரை வரை நடந்து வாருங்கள். கோபத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட நிலைத்ததில்லை. திட்டியதற்குப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்காதீர்கள்.

திரும்பிப் போகும் வழி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் மூன்று பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்து, வரும் ஆண்டும் வீட்டில் படிக்க விருப்பமா என்று கேட்கிறோம். பள்ளிக்குப் போக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அது தோல்வி ஆகாது. 14 வயது வரை, கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்பதற்காக மறுக்க முடியாது. கடைக்குட்டி இந்த ஆண்டு பள்ளிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய கோப்பைத் தூசி தட்டி எடுத்து, பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் நகலெடுத்து, மேலே அவளுடைய நோட்டையும் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை அவளும் நானும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்க்கிறோம்.